வைட் சாக்ஸ் 2024: க்ரோஷேயை ஸ்டார்ட்டர் ஆக்கியது சரியா?

மார்ச் 29, 2024

வாசகர் ஒருவர் கேட்டது: "அண்ணா, நேற்று சிகாகோவின் பேஸ்பால் அணி வைட் சாக்ஸ் சீசனைத் தொடங்கினார்கள். முதல் ஆளாகப் பந்து போட வந்தவர் கேரட் க்ரோஷே. மேஜர் லீகில் (அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால்) அவர் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஸ்டார்ட் செய்ததில்லை, அதாவது முதல் ஆளாக வீசியதில்லை. இரண்டு வாரம் முன்னால்தான் டிலன் சீஸை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். பிட்ச்சிங்கில், அதாவது பந்து வீச்சில், இவர்களுக்கு ஏதாவது திட்டம் இருக்கிறதா? நீங்கள் இருபது வருஷமாகப் பார்க்கிறீர்கள், சொல்லுங்கள்."

திட்டம் இருக்கிறது தம்பி. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

க்ரோஷே நேற்று வரை மேஜர் லீகில் வீசியது மொத்தம் 73 இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது). எல்லாம் ரிலீவராக, ஆட்டத்தின் கடைசியில் ஒன்று இரண்டு இன்னிங்ஸ். 2022-ல் முழங்கையில் அறுவை. போன வருஷம் 13 இன்னிங்ஸ்கூட முழுதாக வீசவில்லை. அந்தக் கையை எடுத்து, ஐந்து நாளைக்கு ஒரு தடவை ஆறு இன்னிங்ஸ் வீசு என்று நிறுத்தியிருக்கிறார்கள். கிரிக்கெட்டில் சொன்னால், காயத்திலிருந்து எழுந்து வந்து டி20-யில் நாலு ஓவர் போட்டுக்கொண்டிருந்த வேகப்பந்துக்காரரை நேரே ஐந்து டெஸ்ட் தொடருக்கு முதல் பந்து போடச் சொல்வது மாதிரி.

இதை ஏன் செய்கிறார்கள்? வேறு ஆள் இல்லை. 2023 ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் 1-லும் மட்டும் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், லான்ஸ் லின், ஜோ கெல்லி, கிரேவ்மன், மிடில்டன் என்று ஆறு பிட்ச்சர்களை அனுப்பினார்கள். நவம்பரில் பம்மர். இப்போது சீஸ். 2022-ல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதுக்கு இரண்டாம் இடம் வந்தவர் சீஸ். வீட்டில் இருந்த பாத்திரத்தை எல்லாம் விற்றுவிட்டு, கடைசியில் மிஞ்சிய டம்ளரை அடுப்பில் வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்துக்குள் க்ரோஷேயின் கை போய்விடும் என்று பயப்படுகிறேன். இது தவறான முடிவு.

மார்ச் 30, 2024

தொடக்க ஆட்டத்தை நேற்று ராத்திரி முழுதாக மறுபடி பார்த்தேன். டிட்ராய்டிடம் 0-1 தோல்வி. க்ரோஷே 6 இன்னிங்ஸ், 8 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), ஒரு வாக் (நாலு பந்தை வெளியே போட்டு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) கூட இல்லை. எதிரே வீசியவர் டாரிக் ஸ்கூபல். க்ரோஷே நன்றாகத்தான் வீசினார். ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்து நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 29, 2024

இருபத்தைந்து ஆட்டத்தில் 3 வெற்றி, 22 தோல்வி. அதுவரை எழுதவே கை வரவில்லை. அப்புறம் இந்த வாரக் கடைசியில் டாம்பாவை மூன்று ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். சனிக்கிழமை நம் பெனின்டெண்டி அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தபோது தெருவில் யாரோ கார் ஹாரனை விடாமல் அடித்தார்கள். 6-22 அணிக்கு அந்த ஹாரன்.

"ஏன் இந்த அணி?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

2004-ல் சிகாகோ வந்தபோது தெற்குப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நான் வரும் நேரத்தில் அவர் வாசல் படியில் உட்கார்ந்து முந்தின நாள் ஸ்கோர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னையும் உட்கார வைத்து எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்ன வைரம். ஸ்ட்ரைக் அவுட் என்றால் ஆங்கில 'கே' எழுத்து. மட்டையைச் சுழற்றாமல் நின்றுகொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி எழுத வேண்டும். பென்சில்தான், பேனா கூடாது. தீர்ப்பை மாற்றுவார்கள், அழிக்க வேண்டி வரும்.

அவர் பார்க்காத ஆட்டத்தைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "ஸ்டார்ட்டர் எத்தனை இன்னிங்ஸ் போனான்?" ஜெயித்தோமா தோற்றோமா என்பது அதற்கு அப்புறம்தான். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். கேள்வி மாறவில்லை.

மே 24, 2024

நேற்று பால்டிமோருடன் நடந்ததை விதி தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், எட்டுக்கு ஆறு பின்தங்கியிருக்கிறோம், இரண்டு பேர் பேஸில், ஒரு அவுட். பெனின்டெண்டி அடித்த பந்து நேரே மேலே போனது. இன்ஃபீல்ட் ஃப்ளை என்ற விதிப்படி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடித்தவர் அவுட். ஆனால் இரண்டாவது பேஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நம் ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் இருந்தார் என்று அவரையும் அவுட் கொடுத்தார்கள். இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. ஷார்ட்ஸ்டாப் வந்தது வானின் முதுகுப் பக்கமாக. எப்படிப் பார்ப்பார்? நோட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பத்து நிமிஷம் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8, 2024

மார்ச் 29 அன்று நான் எழுதியது தப்பு.

அணி தொடர்ந்து 14 ஆட்டம் தோற்று நேற்றுத்தான் ஜெயித்திருக்கிறது. அதற்கு நடுவில் க்ரோஷே அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் நம் அணி ஆடும் பாதி) முன்வரிசை பிட்ச்சர்களில் ஒருவர் ஆகிவிட்டார். இடது கை, ஆறரை அடி உயரம், பந்து தோளுக்குப் பக்கவாட்டிலிருந்து வருகிறது. இடது கை ஆட்டக்காரர்கள் முதல் பந்துக்கே பின்வாங்குகிறார்கள். போன மாதம் மூன்றாவது பேஸ் பக்கம், கீழ் வரிசையில் டிக்கெட் கிடைத்தது. அவர் வீசும்போது கேட்ச்சரின் கையுறையில் விழும் சத்தம் வேறு. மற்றவர்கள் வீசினால் 'டப்', இவர் வீசினால் பலகை உடைந்த மாதிரி. பக்கத்தில் இருந்த சின்னப் பையன் ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடினான்.

ஸ்டார்ட்டராக வேண்டும் என்று கேட்டதே க்ரோஷேதான். கேட்டவருக்கு இடம் கொடுத்தார்கள், அது சரியான முடிவு. நான் சொன்ன காரணம் மட்டும் இன்னும் நிற்கிறது: வேறு ஆள் இல்லாததால்தான் இடம் காலியாக இருந்தது.

ஜூன் 9, 2024

"எல்லாப் பழியையும் பிட்ச்சிங் மேல் போடாதீர்கள், அடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று ஒருவர். நியாயம். நோட்டைப் புரட்டினேன். நம் பக்கக் கட்டங்கள் பக்கம் பக்கமாக வெறும் வைரமாகவே இருக்கின்றன, ஒரு பேஸைக்கூடத் தொடாத கோடுகள். ஆனாலும் ஏழாவது இன்னிங்ஸில் முன்னணியில் இருந்து புல்பென் (ரிலீவர்கள் கூட்டம்) திறந்ததும் கையைவிட்டுப் போன ஆட்டங்களும் அதே நோட்டில் இருக்கின்றன. இதைப் பற்றி சீசன் முடிவில் பேசுவோம்.

ஜூலை 11, 2024

நேற்று மின்னசோட்டாவுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மைக்கேல் கோபெக் ஒன்பது பந்தில் மூன்று ஸ்ட்ரைக் அவுட். ஒரு பந்து வீணில்லை. நோட்டில் மூன்று 'கே' வரிசையாக எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது ஆட்டம் தோல்வி.

ஜூலை 26, 2024

நேற்று வாஷிங்டனில் டிலன் சீஸ் நோ-ஹிட்டர் வீசினார். ஒன்பது இன்னிங்ஸ், எதிரணிக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்து பேஸ் சேர்வது) கூட இல்லை. சான் டியேகோவின் சரித்திரத்தில் இது இரண்டாவதுதான்.

நாம் ஜூலை 10 இரண்டாவது ஆட்டத்திலிருந்து ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

சீஸுக்காக எனக்குச் சந்தோஷம். மனதார. கடைசி அவுட்டில் அவர் முகத்தைப் பார்த்தபோது நம் சட்டையில் இருந்த காலம்தான் ஞாபகம் வந்தது. டிவியை அணைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன்.

ஜூலை 30, 2024

நேற்று மறுபடி விற்பனை. பிட்ச்சர் ஃபெடியும் கூடவே டாமி ஃபாமும் செயின்ட் லூயிஸுக்கு, கோபெக் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு. வந்தவர்கள் மிகெல் வார்கஸும் இரண்டு இளம் பையன்களும்.

ஃபெடியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வேலைக்கு ஆகாது என்று கொரியாவுக்குப் போனவர். 2023-ல் அங்கே லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கித் திரும்பி வந்தார். இரண்டு வருஷத்துக்கு 15 மில்லியன் டாலர். நம்மிடம் அவர் சராசரி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.11 ரன். இந்த நிர்வாகம் எடுத்த நல்ல முடிவு இது, யார் கேட்டாலும் சொல்வேன். நல்லதாக எடுத்த ஒன்றையும் நாலு மாதத்தில் கைமாற்றினார்கள்.

க்ரோஷே இன்னும் இருக்கிறார். ஆனால் இப்போது நாலு இன்னிங்ஸுக்கு மேல் விடுவதில்லை. முதல் வருஷம், கை களைத்துவிடும், அதனால் என்கிறார்கள். மருத்துவ ரீதியாக அது சரி. மார்ச்சில் கை போய்விடும் என்று பயந்தவன் நான், இப்போது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தும் மனசு ஒப்பவில்லை. அடுத்து வாங்க வருகிறவருக்காகப் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரியவர், அந்தப் பழைய வீட்டுக்காரர், கேட்டார். "நாலு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, 2024

முடிந்தது. ஓக்லாண்டில் 5-1 வெற்றி. தொடர்ந்து 21 தோல்வி, 1988-ல் பால்டிமோர் படைத்த அமெரிக்கன் லீக் சாதனைக்குச் சமம். இன்னொன்று தோற்றிருந்தால் தனியாக நம் பெயர் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, 2024

மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோலை நேற்று நீக்கினார்கள். கணக்கு 28-89. கிரேடி சைஸ்மோர் தற்காலிகமாக.

கிரிஃபோல்மேல் எனக்குக் கோபம் உண்டு. புல்பென்னில் யாரை எப்போது எழுப்புவது என்பதில் அவர் எடுத்த முடிவுகள் பல எனக்குப் புரியவில்லை. ஆனால் எழுப்புவதற்கு அங்கே யார் இருந்தார்கள்? அரிசி கொடுக்காமல் சோறு குழைந்துவிட்டது என்று சமையல்காரரை அனுப்புவது மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 21, 2024

எல்லாரும் 1962 நியூயார்க் மெட்ஸைச் சொல்கிறார்கள், 120 தோல்வி. மெட்ஸுக்கு அது பிறந்த வருஷம், மற்ற அணிகள் வேண்டாம் என்று கழித்தவர்களைச் சேர்த்துக் கட்டிய அணி. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நம் கதைக்குப் பொருத்தமானது இன்னும் பழையது.

1899, கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ். 20 வெற்றி, 134 தோல்வி. மேஜர் லீக் சரித்திரத்திலேயே மோசமான அணி. அந்த அணியின் முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் அந்த வருஷம் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கினார்கள். அங்கே கூட்டம் அதிகம் வரும் என்று கிளீவ்லாண்டின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றினார்கள். மாற்றியவர்களில் ஒருவர் சை யங். இன்று சிறந்த பிட்ச்சருக்குக் கொடுக்கும் விருது யார் பெயரில் இருக்கிறதோ, அவரேதான்.

125 வருஷமாகியும், மோசமான அணியை உண்டாக்கும் வழி அதேதான். நல்ல கைகளை வெளியே அனுப்பு, மிஞ்சியவர்களை ஆட விடு.

ஆகஸ்ட் 22, 2024

"அண்ணே, இது ஒரே முதலாளியின் இரண்டு அணி கிடையாது, இங்கே பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்கள் வருகிறார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அந்த வித்தியாசத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். டிரேட் என்பது தப்பே இல்லை. 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்துத்தான் மோன்காடாவும் கோபெக்கும் வந்தார்கள். அதிலிருந்து கட்டிய அணி 2021-ல் 93 ஆட்டம் ஜெயித்துப் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளே ஆஃபில் ஹூஸ்டனிடம் முதல் சுற்றிலேயே போனது. அடுத்த வருஷம் 81-81, அதற்கடுத்து 101 தோல்வி. ஐந்து வருஷம் விதைத்து ஒரு போகம்கூட முழுசாக அறுக்காமல் மறுபடி உழத் தொடங்கியிருக்கிறார்கள். என் ஆற்றாமை அதுதான்.

செப்டம்பர் 23, 2024

120. சான் டியேகோவில்.

செப்டம்பர் 25, 2024

நேற்று போனேன். ரெட் லைன் ரயிலில் 35-வது தெருவில் இறங்கும்போதே தெரிந்தது, பாதிப் பேர் 121-வது தோல்வியைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள். ஏஞ்சல்ஸுடன் ஆட்டம். முதலாளி ரைன்ஸ்டார்ஃபைப் பார்த்து "அணியை விற்றுவிடு" என்று கோஷம். 1981-லிருந்து அவர் கையில்தான் இருக்கிறது.

எட்டாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் 0-2. இந்த வருஷம் ஏழு இன்னிங்ஸ் முடிந்து பின்தங்கியிருந்த 94 ஆட்டத்தில் ஒன்றுகூட நாம் ஜெயித்ததில்லை. பக்கத்து இருக்கைப் பெண் கிளம்பப் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். ஒரு ஹிட், இன்னொரு ஹிட், மூன்று ரன். 3-2. அவள் பையைக் கழற்றாமலே நின்றுகொண்டு கைதட்டினாள். தோல்வி பார்க்க வந்த கூட்டமும் எழுந்து நின்றது. என் பென்சில் முனை உடைந்து, பக்கத்துக்காரரிடம் பேனா வாங்கித்தான் கடைசி இன்னிங்ஸை எழுதினேன். முதல் தடவையாக.

செப்டம்பர் 28, 2024

ஏஞ்சல்ஸுடன் மூன்றையும் ஜெயித்தார்கள். நேற்று டிட்ராய்டில் 1-4, 121-வது தோல்வி. அதே ராத்திரி டிட்ராய்ட் பிளே ஆஃபுக்குள் போனது, அவர்கள் குதித்துக் கொண்டாடினார்கள். நம்மவர்கள் அந்தப் பக்கம் நடந்து உள்ளே போனார்கள்.

செப்டம்பர் 30, 2024

கடைசி இரண்டும் வெற்றி. 41-121. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து எந்த அணியும் இவ்வளவு தோற்றதில்லை.

ஜூன் 9 அன்று தள்ளிவைத்த கணக்கு. நாம் எடுத்தது 507 ரன், லீகிலேயே குறைவு. கொடுத்தது 813. பிட்ச்சிங் சராசரி 4.67, மோசம்தான், ஆனால் கொலராடோ இதைவிட மோசம். ஆக அன்று எழுதியவர் சரி: முதல் குற்றவாளி மட்டை. பிட்ச்சர்கள் ஃப்ளெக்சன் 3-15, சொரோக்கா 0-10 என்ற கணக்கில் அவர்கள் பங்கு எவ்வளவு, ரன் எடுக்காத அணியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இவர்கள் இரண்டு பேர் மேலும் சீசன் முழுக்க எரிச்சலோடு இருந்தேன். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் வந்து வீசினார்கள். அந்த எரிச்சலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

க்ரோஷே: 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக் அவுட். 6 வெற்றி, 12 தோல்வி.

அக்டோபர் 31, 2024

நேற்று டாட்ஜர்ஸ் வேர்ல்ட் சீரிஸை (மேஜர் லீகின் இறுதித் தொடர்) ஜெயித்தார்கள். கோபெக்குக்கு மோதிரம்.

இதைப் பார்த்துவிட்டு 2005 நோட்டை எடுத்தேன். லீக் இறுதியில் ஏஞ்சல்ஸுடன் முதல் ஆட்டம் தோல்வி. அடுத்த நாலு ஆட்டம்: பர்லி ஒன்பது இன்னிங்ஸ், கார்லாண்ட் ஒன்பது, ஃப்ரெடி கார்சியா ஒன்பது, கான்ட்ரெராஸ் ஒன்பது. நாலு பேரும் தொடங்கிய ஆட்டத்தைத் தாங்களே முடித்தார்கள். ஐந்து ஆட்டத்தில் புல்பென் வாங்கியது மொத்தம் இரண்டே அவுட். அப்புறம் ஹூஸ்டனை நாலுக்கு நாலு. 88 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. பெரியவரின் கீழ்த்தள அறையில் நான் எழுதிய பக்கங்கள், பிட்ச்சர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரே ஒரு பெயர், கீழே காலி. அவர் அந்தக் காலி இடத்தை விரலால் தடவிக் காட்டினார்.

டிசம்பர் 12, 2024

க்ரோஷே போய்விட்டார். பாஸ்டனுக்கு. நாலு இளம் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், கேட்ச்சர் கைல் டீல் நல்லவர் என்கிறார்கள். எட்டு வருஷம் முன்னால் இதே டிசம்பர், இதே பாஸ்டன், இதே மாதிரி இடது கை, சேல். இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

செப்டம்பர் 29, 2025

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், ஒருவர் தட்டி எழுப்பியிருக்கிறார். சீசன் முடிந்தது, 60-102. பத்தொன்பது வெற்றி கூடுதல். மில்வாக்கி காப்பாற்றி வைக்காத பிட்ச்சர் ஷேன் ஸ்மித்தை ரூல் 5 டிராஃப்டில் (மற்ற அணிகள் முக்கியப் பட்டியலில் சேர்க்காதவர்களை எடுக்கும் தேர்வு) எடுத்தார்கள், அவர் ஆல்-ஸ்டார் ஆனார். கோல்சன் மான்ட்கமரி ஜூலையில் வந்து 21 ஹோம் ரன். டீலும் நன்றாகத்தான் ஆடுகிறார். அந்த டிரேடை இப்போதே தப்பு என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஷேன் ஸ்மித்தை எப்போது விற்பார்கள் என்ற கேள்வி மட்டும் அடிவயிற்றில் இருக்கிறது.

பாஸ்டன் க்ரோஷேக்கு ஆறு வருஷம், 170 மில்லியன் எழுதிக் கொடுத்தது. அவர் 18-5, 255 ஸ்ட்ரைக் அவுட்.

அக்டோபர் 1, 2025

நேற்று யாங்கீஸுடன் பிளே ஆஃப் முதல் ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் கொடுத்தார் க்ரோஷே. அப்புறம் வரிசையாகப் பதினேழு பேர் அவுட். எட்டாவது இன்னிங்ஸில்தான் அடுத்த ஹிட். மேனேஜர் எழுந்து வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. அவருடைய 117-வது பந்து, மணிக்கு 100 மைல், பதினோராவது ஸ்ட்ரைக் அவுட். வேறு அணியின் ஆட்டத்தை நான் நோட்டில் எழுதியது இதுதான் முதல் தடவை.

ஆட்டம் முடிந்ததும் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. பெரியவர் தூங்காமல் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை கேட்கவில்லை, அவரே சொன்னார்: "ஏழு இன்னிங்ஸ், இரண்டு அவுட்."